சாமி சொன்னால் கேட்பார்கள்

மருதப்பன் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்குக் குருவைவிட வயது அதிகம். வாயும் அதிகம்.

மேலேரி ஊரில் அவர் சண்டை பிடிக்காத விஷயமே கிடையாது. வாய்க்கால் பங்கு, கோயில் நடை, உப்புத் தீர்வை என்று எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று கத்தியவர். அவர் கத்தி வாங்கிக் கொடுத்த தண்ணீரில் நெல் விளைத்துத் தின்றவர்களே அவரைக் கண்டால் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுவார்கள்.

சென்ற மழைக்காலத்தில் மேலேரிக் கரையின் அடியில் தண்ணீர் கசிந்தது. ஏரிக்கரை கசிவது புதிதல்ல. தெளிவாகக் கசிந்தால் கவலையில்லை. கலங்கலாகக் கசிந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். மருதப்பன் அந்தக் கலங்கல் நீரை ஒரு செம்பில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். தான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், ஆனாலும் மேட்டுக்குப் போய்விடுவது நல்லது என்றார்.

அன்று மாலையே அரண்மனையிலிருந்து ஏரி அதிகாரி வந்தார். குடை பிடிக்க ஒருவன், வெற்றிலைப் பெட்டி தூக்க ஒருவன். அதிகாரி கரைமேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஊர் மொத்தமும் மழையில் நனைந்தபடி காத்திருந்தது. பிறகு அவர் கசிவு நீரை உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரை நிற்கும்" என்றார்.

சனங்கள் வீடு திரும்பி அடுப்பு மூட்டினார்கள். மருதப்பனின் மனைவியும் மூட்டினாள். அவ்வளவு பெரிய மனிதர் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்றாள். கோபத்தில் மருதப்பன் மட்டும் மேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கரை நிற்கவில்லை.

மனைவியை அடக்கம் செய்துவிட்டு, மலையடிவாரத்துக் குகையில் இருந்த குருவிடம் வந்தார். தன்னை விட்டுவிட்டு அந்த அதிகாரியை ஏன் நம்பினார்கள் என்று கேட்டார். குரு பதில் சொல்லவில்லை. மருதப்பனும் திரும்பிப் போகவில்லை. விறகு பொறுக்கினார், தண்ணீர் சுமந்தார். அவ்வப்போது அதே கேள்வியைக் கேட்டார்.

அடுத்த மழைக்காலம் வந்தது. மகளைப் பார்த்து வருவதாகச் சொல்லிப் போன மருதப்பன், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கீழேரியும் கலங்கலாக் கசியுது, சாமி."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"என் மகள் செங்கமலம் அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. சின்னதா ஒரு பேத்தி இருக்கு."

"சொன்னீங்களா, பெரியவரே?"

"தொண்டை கிழியச் சொன்னேன். பெத்த மகளே கேட்கலே. அம்மா போனதிலிருந்து உங்களுக்கு எந்தக் கரையைப் பார்த்தாலும் உடையுற மாதிரிதான் தெரியுதுங்கிறா." மருதப்பன் குரலைத் தாழ்த்தினார். "சாமி வந்து சொன்னா கேட்பாங்க."

"எனக்கு ஏரியைப் பத்தி என்ன தெரியும்?"

"அந்த அதிகாரிக்கு என்ன தெரிஞ்சுது?"

மருதப்பன் நெருங்கி உட்கார்ந்தார்.

"கரைமேல ஏறிக் கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. எல்லாரையும் மழையில காக்க வையுங்க. தண்ணியை நாக்கில வெச்சுப் பாருங்க. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை. காரணம் மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்பான்."

"இவ்வளவு தெரிஞ்ச நீங்களே செய்யலாமே."

"என்னை அவங்க கோவணத்தோட பார்த்திருக்காங்க, சாமி."

குரு சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு மறைந்தது.

"இது நாளைக்கு எங்க போய் நிக்கும்னு யோசிச்சீங்களா?"

"நாளைக்கு உயிரோட இருந்தா யோசிக்கலாம்."

குரு எழுந்து கோலை எடுத்துக்கொண்டார்.

கீழேரியில் மருதப்பன் சொன்னபடியே எல்லாம் நடந்தது. குரு கரைமேல் நின்றார். சனங்கள் நனைந்தார்கள். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் குரு, "கிளம்புங்க" என்றார்.

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆடு மாடு, பாத்திர பண்டத்தோடு ஊரே மேடேறிவிட்டது. சாமி கண் மூடியிருந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சிலர் பேசிக்கொண்டு போனார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த செங்கமலம் அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"சொல்ற விதமாச் சொன்னா நாங்க கேட்க மாட்டோமாப்பா?"

மருதப்பன் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

விடியும்போது கரை உடைந்தது. வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. சனங்கள் குருவின் காலில் விழுந்தார்கள். கசிவைக் கண்டவர் மருதப்பன்தான், தான் வந்து நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று குரு அவர்களிடம் சொன்னார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அவர்கள் இன்னொரு முறை விழுந்தார்கள்.

மழை விடவில்லை. மேட்டில் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். குருவின் கொட்டகை முன்னால் எந்நேரமும் கூட்டம். எப்போது விதைப்பது, வெள்ளத்தில் போன கன்று எங்கே ஒதுங்கியிருக்கும், மகளை எந்தத் திசையில் கொடுப்பது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் குரு தெரியாது என்றே சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியது.

கூட்டத்தை ஒழுங்கு செய்யும் வேலையை மருதப்பன் எடுத்துக்கொண்டார். வெளியே வருகிறவர்கள் அவரைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். சாமி தெரியாது என்கிறாரே, அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். முதலில் தனக்கும் புரியவில்லை என்றார். பிறகு ஏதோ ஒரு பொருள் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கைகட்டிக் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கத்தியும் கிடைக்காத செவிகள் அவருக்கு இப்போது மெதுவாகப் பேசியே கிடைத்தன.

பேத்தி வடிவுக்குக் காய்ச்சல் கண்டது. குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. வைத்தியர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. சாமி போகச் சொன்னால் இறக்குகிறேன் என்று சொல்லிப் பரிசல்காரர் காத்திருந்தார். செங்கமலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குருவிடம் வந்தாள்.

"அக்கரைக்குத் தூக்கிட்டுப் போகவா சாமி, இங்கேயே வெச்சுப் பார்க்கவா?"

குரு குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"எனக்குத் தெரியலேம்மா" என்றார். அவள் நகராததைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார். "எனக்கு வைத்தியம் தெரியாது."

மருதப்பன் பக்கத்தில்தான் நின்றார். மகளை வெளியே அழைத்து வந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆபத்துன்னா சாமி அன்னிக்கு மாதிரி ஒரே வார்த்தையில கிளப்பி விட்டிருப்பார்" என்றார். "பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்க வை."

செங்கமலம் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எதிர்த்து ஒரு சொல் பேசாமல், அப்பா சொன்னதைக் கேட்டாள். பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் குழந்தை கண் திறக்கவில்லை.

மேட்டின் சரிவிலேயே புதைத்தார்கள். செங்கமலம் அப்பாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் மருதப்பன் குருவின் கொட்டகைக்கு வந்தார். முன்தினம் வைத்த சோறு குருவின் முன்னால் அப்படியே இருந்தது.

"போகச் சொல்லியிருக்கலாமே, சாமி."

"போனாப் பிழைக்குமா, ஆத்தோட போயிடுமான்னு எனக்குத் தெரியலே."

"அதை எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லியிருக்கலாமே."

"தெரியாதுன்னு சொன்னேன், பெரியவரே. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

மருதப்பன் தன் கைகளைப் பார்த்தார். வெளியே அடுத்த கூட்டம் சேரும் சத்தம் கேட்டது.

"நான் அதை நம்பலே, சாமி."

குரு அந்த மண் ஒட்டிய கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"இந்த ஊருக்கு வந்து நான் தெரிஞ்சு சொன்னது அது ஒண்ணுதான்."