ஒப்புக்குச் சப்பாணி

மாசிலாமணிக்குப் பஞ்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. அந்த வேலையை ஆலை வாசலோடு விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. குரு நல்லம்மையின் தியானக் கூடத்தில்கூட, பக்கத்தில் இருப்பவர் முதுகு வளைந்தால் கண்ணை மூடியபடியே கண்டுபிடித்துவிடுவார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் மட்டும் மாசிலாமணி வாயைத் திறக்க யோசிப்பார்.

சித்திரை வெயில் உச்சியைப் பிளந்த ஒரு நாள், தியானம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

“என்ன மாசிலாமணி?”

“பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சும்மா. செல்போனை வாங்கி பீரோவுல பூட்டிட்டேன்.”

“சரி.”

“சும்மா பூட்டல. புளியங்கொட்டை, சோடா மூடி, தாயக்கட்டை, கூடாரம் கட்டப் பழைய சேலைன்னு எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். எதையும் கடையில வாங்கல. எந்த நேரத்துக்கு எந்த விளையாட்டுன்னும் சொல்லிட்டேன்.”

“விளையாடறாங்களா?”

“பீரோவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பெரியவன் இனியன் என்கிட்ட பேசறதையே விட்டுட்டாம்மா. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட தங்கச்சிகிட்ட பதில் சொல்லி அனுப்பறான். பிள்ளைகளை எப்படித்தான் விளையாட வைக்கிறது?”

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது. மாசிலாமணி எட்டி நடை போட்டார். வீட்டுக் கூடத்தில் இனியனும், ஆறு வயது தென்றலும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். தலையணையும் மிதியடியும் கல். வெறுந்தரை மண். மண்ணில் கால் வைப்பவர்களை, பிடிக்கிற ஆள் தொட்டுவிட்டால் அவுட். புளியங்கொட்டை டப்பாக்கள் அடுக்கியது அடுக்கியபடி மூலையில் இருந்தன.

மாசிலாமணி கழுத்துக் கயிற்றில் சட்டைக்குள் கிடந்த ஆலை விசிலை எடுத்து ஊதினார்.

நாலு பேரும் நின்றார்கள்.

“தலையணையை மிதிக்கலாமா? அதெப்படிக் கல்லாகும்? எதிர்வீட்டுத் தம்பி, நீ அவுட்டு. நான் பார்த்தேன். எல்லாரும் முதல்ல இருந்து ஆரம்பிங்க.”

யாரும் ஆரம்பிக்கவில்லை. இனியன் சுவரோரம் போய் உட்கார்ந்து பீரோவைப் பார்த்தான். மற்றவர்களும் அவன் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“பார்த்தீங்களாம்மா? இதைத்தான் சொன்னேன்” என்றார் மாசிலாமணி.

குரு தென்றலின் எதிரே போய்க் குந்தினார்.

“என்னையும் சேர்த்துக்குவீங்களா?”

“உங்களுக்கு ஆடத் தெரியுமா?”

“தெரியாது.”

தென்றலின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளும் கூட்டத்தில் சின்னவள் அவள்தான்.

“அப்ப நீங்கதான் ஒப்புக்குச் சப்பாணி! ஓடலாம், கத்தலாம். யாராவது தொட்டாலும் அவுட் கிடையாது. நீங்க ஆட்டத்துக்குக் கணக்கு இல்ல.”

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏய், இவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?” கை விசிலுக்குப் போனது.

“ஊதாதீங்க மாசிலாமணி” என்றார் குரு. “கிடைச்ச இடத்தைக் கெடுத்துடாதீங்க.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குரு ஆடினார். மண்ணில் நடுவாக நின்று பழிப்புக் காட்டினார். பிடிபட்டார், யாரும் சட்டை செய்யவில்லை. வழியில் நின்றதற்காக இனியனிடம் ஒருமுறை திட்டும் வாங்கினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாசிலாமணியின் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். மாசிலாமணிக்கோ நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் குரு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“அம்மா, என் கேள்விக்குப் பதில் சொல்லலையே?”

“நான் கிளம்பறேன். ஆட்டத்துல என் இடம் காலியா இருக்கு.”

அவர் போய்விட்டார்.

மாசிலாமணி வாசலில் நின்றபடி ஆட்டத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கூடத்துக்குள் வந்தார்.

“நானும் வரட்டுமா?”

ஆட்டம் நின்றது. தென்றல் அண்ணனைப் பார்த்தாள். இனியன் அப்பாவைப் பார்க்காமல் தங்கையிடம் சொன்னான்.

“ஒப்புக்குச் சப்பாணியா வேணும்னா வரச் சொல்லு. விசிலைக் கழட்டிட்டு.”

மாசிலாமணி கழற்றினார்.

அன்றிலிருந்து ஆலைவிட்டு வந்ததும் அவருக்கு அதே உத்தியோகம்தான். ஓடினார், மூச்சு வாங்கினார், யாரும் அவரைப் பிடிக்கக்கூட மெனக்கெடவில்லை. எதிர்வீட்டுத் தம்பி கூசாமல் அழுகுணி ஆட்டம் ஆடியபோது நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டார். பிள்ளைகளே சண்டை போட்டு, பிள்ளைகளே தீர்த்துக்கொண்டார்கள். பழைய சேலை ஒரு நாள் கப்பலானது, மறுநாள் ஆஸ்பத்திரியானது. புளியங்கொட்டை அந்த ஆஸ்பத்திரியில் மாத்திரையானது. பீரோவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இனியன் இன்னும் அவரிடம் பேசவில்லை. அந்த வலியோடுதான் அவர் தினமும் தூங்கப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தியானக் கூடத்தில் எல்லோரும் கண்மூடி அமர்ந்திருந்த நேரத்தில், படார் என்று கதவு திறந்தது. மாசிலாமணி நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது. காலில் செருப்பில்லை.

“அம்மா!”

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அவருக்குக் கூச்சமே இல்லை.

“இனியன் என்னைத் தொட்டுட்டாம்மா! ‘அப்பா அவுட்டு! இனிமே நீங்கதான் பிடிக்கணும்’னு கத்தினான். தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பல. என் முகத்தைப் பார்த்து, என்கிட்டயே சொன்னான்!”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். உங்களிடம் சொல்லத்தான் ஒரே ஓட்டமாக ஓடி வந்தேன் என்றார்.

குரு கேட்டார்.

“பிள்ளைகள் எங்கே?”

“அங்கதான்... கல்லு மேல நிக்கிறாங்க.”

“பிடிக்க வேண்டிய ஆளுக்கு இங்க என்ன வேலை? ஓடுங்க.”