மொக்கச்சாமியின் ஜீப்புக்கு வின்ச் பூட்டிய கதை

சாரல்மேட்டில் அறுபத்து மூன்று வீடு, ஒரு ஜீப். ஊரில் மூளை எத்தனை என்று கேட்டால் அதையும் எண்ணிச் சொல்லிவிடலாம். எண்ணுகிற ஆள்தான் வெளியூரிலிருந்து வரவேண்டும்.

ஜீப் மொக்கச்சாமியுடையது. ஏலக்காய் மூட்டையானாலும் பிள்ளைத்தாய்ச்சியானாலும் அதில்தான் மலை இறங்கவேண்டும். பாதி வழியில் எருமைமுழுங்கி என்று ஒரு சேற்றுக்குழி உண்டு. மழை பிடித்துவிட்டால் ஜீப் அதில் இறங்கி, சக்கரம் முழுக்கப் புதைந்து நின்றுவிடும். சுற்றிக்கொண்டு போக இடமில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. இருபதடி தள்ளி, வலப்பக்கமாக, நல்ல பாறைத்தரை. ஆனால் அது ஆடு போகிற பாதை, ஜீப் போகிற பாதை இல்லை என்று ஊரில் எப்போதோ முடிவாகிவிட்டது.

ஆடி மாதம் மொக்கச்சாமியின் மகள் தமயந்தியைப் பெண் பார்க்க வந்தவர்களை எருமைமுழுங்கி விழுங்கிவிட்டது. முழங்கால் சேற்றில் இரண்டு மைல் நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் உக்கிரபாண்டி ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, மறு செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று சொன்னார்: "ஆவணி ஒம்பது நிச்சயத்துக்கு வருவோம். ஜீப்புலயே வந்து இந்த வாசல்ல எறங்கணும். இல்லையா, இந்தச் சம்பந்தமே வேணாம்."

மொக்கச்சாமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நல்ல இடம். பையன் பால் பண்ணையில் வேலை பார்க்கிறான். தமயந்திக்கும் அவனைப் பிடித்துப்போய், கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே திரிந்தாள். அந்தச் சிரிப்பை ஒரு சேற்றுக்குழியிடம் பறிகொடுக்க அவருக்கு மனசில்லை.

அடிவாரத்து ஊரில் ஜீப் சாமான் கடை வைத்திருந்த பாய்தான் வழி சொன்னார். "வின்ச் பூட்டுங்கண்ணே. வண்டி மூக்குல ஒரு உருளை, அதுல கம்பிக்கயிறு. பட்டனை அமுக்கினா பேட்டரியில ஓடி கயித்தைச் சுருட்டும், வண்டி தானா வெளிய வந்துரும். வண்டி எடையில ஒண்ணரை மடங்கு இழுக்குறதா எடுக்கணும். உங்க வண்டி என்ன எடை இருக்கும்?"

இதைக் கேட்டதற்காகப் பாய் பின்னால் பலமுறை தன்னையே திட்டிக்கொண்டார்.

ஜீப் விஷயத்தை ஜீப்புக்குள் உட்கார்ந்துதான் பேசவேண்டும் என்பது சாரல்மேட்டு முறை. மொக்கச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மச்சினன் சன்னாசி. பின்சீட்டில் ஏலக்காய்க்கடை வீருசின்னு. இவர் ஒருதடவை பட்டணத்துக்குப் போய்த் தொலைந்துபோனவர் என்பதால் ஊரில் விவரமானவர் என்று பெயர்.

"கீழ லாரி எடை போடுற மேடை இருக்கே, மாமா" என்றான் சன்னாசி.

வீருசின்னு பரிதாபத்தோடு அவனைப் பார்த்தார். "லாரி எடை போடுற மேடை லாரி எடையைத்தாண்டா காட்டும். ஜீப்பு எடையை அது எங்கிட்டுக் கண்டுச்சு?"

அந்த அறிவுக்குச் சன்னாசி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எனவே ஜீப்பைக் கழற்றி, ஐம்பது கிலோ ஏலக்காய்த் தராசில் துண்டு துண்டாக எடை போட்டார்கள். இரண்டு நாள் ஆனது. இன்ஜினை மட்டும் தராசு தாங்கவில்லை.

"இன்ஜினு வண்டியை இழுக்குறது" என்றார் வீருசின்னு. "இழுக்குறவனைக் கொண்டுபோயி இழுபடுறவன் எடையில சேக்கலாமா? நாயம் வேணாம்?"

நியாயத்துக்குக் கட்டுப்பட்டு இன்ஜினை விட்டுவிட்டார்கள். பிறகு ஜீப்பைத் திரும்பப் பூட்டினார்கள். பூட்டி முடித்தபோது ஒரு வாளி நிறைய போல்ட் மிச்சமிருந்தது. சன்னாசிக்கு ஒரே சந்தோஷம். "இம்புட்டு எடை கொறைஞ்சிருச்சு மாமா!"

அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு அதே ஜீப்பில் மலை இறங்கினார்கள். வழியில் எதுவும் கழன்று விழாததற்கு முருகன்தான் காரணமாக இருக்கவேண்டும். பாய் வாளியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், மூவரின் முகத்தையும் பார்த்தார். எடைச்சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த ஜீப்புக்குச் சரியான வின்ச்சைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

"வண்டியை விட்டுட்டுப் போங்கண்ணே, நானே மாட்டித் தர்றேன்."

"எங்க வண்டி மூக்குல அந்நியர் கை வைக்கிறதா?" என்றார் மொக்கச்சாமி.

பாய் பெருமூச்சு விட்டார். "சரி, நல்லா கேட்டுக்கங்க. இழுக்கும்போது இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும். கயித்து மேல ஒரு கனத்த ஜமுக்காளம் போட்டுருங்க, அறுந்தாலும் ஆளை அடிக்காது. கொக்கியை அசையாத ஒண்ணுல மாட்டணும். அம்புட்டுத்தான்."

மூவரும் இதை மலை ஏறும்வரை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்கள். மனப்பாடம் செய்வதில் சாரல்மேட்டுக்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மனப்பாடம் ஆனதும் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் வினை.

வின்ச்சுக்கு நாலு போல்ட் போதும். வாளியில் கிடந்த அத்தனையையும் அதற்கே முறுக்கினார்கள். இப்போது அந்த ஜீப்பில் உறுதியாக இருந்தது வின்ச் ஒன்றுதான். மற்றதெல்லாம் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆவணி ஒன்பதும் வந்தது. மூவரும் முந்தின நாளே ஜீப்போடு அடிவாரம் இறங்கியிருந்தார்கள். விடிகாலையிலிருந்தே மழை. மாப்பிள்ளை, அவன் அப்பா, தாய்மாமன் உக்கிரபாண்டி, பழத்தட்டோடு நாலு பெண்கள் என்று எல்லாரையும் அடிவாரத்தில் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. உக்கிரபாண்டி புதுச்செருப்பு போட்டிருந்தார். எருமைமுழுங்கி வந்ததும் மொக்கச்சாமி வண்டியை நேராக அதில் இறக்கினார். மாமூல் இடத்தில் ஜீப் மாமூலாகப் புதைந்தது.

"பயப்படாதீங்க சம்பந்தி. வின்ச் இருக்கு" என்றார் மொக்கச்சாமி.

முதல் வேலையாக வீருசின்னு இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"ஓடணும்னு பாய் சொன்னாரேண்ணே?" என்றான் சன்னாசி.

"இன்ஜினு ஓடுனா வண்டி ஓடும். வண்டி ஓடுனா வின்ச் எதுக்கு? யோசிக்க வேணாமா? நிறுத்துடா."

நிறுத்தினார்கள். அடுத்தது, அசையாத பொருள் எது என்ற கேள்வி. மூவரும் சேற்றில் நின்ற ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். பெண்வீட்டார் ஏன் இறங்கிப்போய் ஒரு வேலையும் செய்யாமல் மறுபடியும் வந்து உட்காருகிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்கவில்லை.

"அந்தா பெரிய பலாமரம் நிக்குது" என்றான் சன்னாசி.

"காத்தடிச்சா ஆடுதே! அது அசையுற சாதி" என்றார் வீருசின்னு.

"பாறை?"

"போன வருசம் மழையில பாறை உருண்டு வந்து கோயில் மதிலை இடிச்சதை மறந்துட்டியா?"

மொக்கச்சாமிக்கு வியர்த்தது. மகள் சிரித்த முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. திடீரென்று அவருக்கே பொறிதட்டியது. "ஏண்ணே, போன மழைக்கு இதே எடத்துல இருவத்திரண்டு பேரு சேந்து இழுத்தோம். ஒரு இஞ்சு அசைஞ்சுச்சா நம்ம ஜீப்பு?"

வீருசின்னு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆகவே ஜீப்பின் மூக்கிலிருந்த கயிற்றை மூங்கிலால் வண்டிக்கு அடியில் தள்ளி, பின்பக்கமாக எடுத்து, அதே ஜீப்பின் பின்பம்பரில் கொக்கியை மாட்டினார்கள். மொக்கச்சாமி குலசாமியை நினைத்துப் பட்டனை அமுக்கினார். உருளை உறுமியது. போல்ட் இல்லாத பின்பம்பர் ஒரே நொடியில் கழன்று, சேற்றுக்கடியில் ஊர்ந்து, முன்னால் வந்து வின்ச்சோடு சேர்ந்துகொண்டது.

"பின்பக்கம் வெளிய வந்துருச்சு மாமா!" என்று கத்தினான் சன்னாசி. "பாதி வேலை முடிஞ்சுது!"

அதற்கு மேல் உக்கிரபாண்டியால் பொறுக்க முடியவில்லை. இறங்கி, புதுச்செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, தடதடவென்று வலப்பக்கம் நடந்து, அந்த ஆட்டுப்பாதைப் பாறைத்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "ஒரு தாய்மாமனுக்கு இதுதான் மருவாதியா? முறையா என்னைக் கூட்டிட்டுப் போற வரைக்கும் இந்த எடத்தை விட்டு அசைய மாட்டேன். யாரு வந்தாலும் சரி, அசையவே மாட்டேன்!"

தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் மாலையும் துண்டும் போட்டுச் சமாதானம் செய்வது எங்கேயும் உள்ள வழக்கம். சாரல்மேட்டு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாலையையும் துண்டையும் அவர்கள் நினைக்கவில்லை.

"கேட்டீங்களா?" என்றார் வீருசின்னு மெல்ல.

"ரெண்டு தடவை சொன்னாரு" என்றான் சன்னாசி.

மொக்கச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, மரத்தையும் பாறையையும் தேடி நேரத்தை வீணாக்கினோமே என்று வெட்கப்பட்டார்.

சன்னாசி பின்பம்பரிலிருந்து கொக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். பின்னாலேயே மொக்கச்சாமி, பாய் சொன்னபடி கயிற்றின்மேல் போடவேண்டிய ஜமுக்காளத்தோடு பயபக்தியாகப் போனார். நிச்சயதார்த்தத்துக்கு விரிக்க வாங்கிய புது ஜமுக்காளம். அது வருவதைப் பார்த்த உக்கிரபாண்டி, தனக்குப் போர்த்தத்தான் வருகிறார்கள் என்று எண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனாலும் போர்த்த வசதியாகக் கையிரண்டையும் சற்றுத் தூக்கிக் கொடுத்தார். கயிற்றோடு சேர்த்து அவருக்கும் போர்த்தினார்கள். அந்த மரியாதையின் மறைவில் சன்னாசி அவருடைய நாலு விரல் அகல இடுப்புப் பெல்ட்டில் கொக்கியை மாட்டிவிட்டு வந்தான்.

மொக்கச்சாமி பட்டனை அமுக்கினார்.

ஜீப் அசையவில்லை. உக்கிரபாண்டிதான் அசைந்தார். சப்பணம் கலையாமல், ஜமுக்காளம் நழுவாமல், சாமி ஊர்வலம் போகிற வேகத்தில் பாறையை விட்டுக் கிளம்பி, மாப்பிள்ளை வீட்டார் வாய் பிளந்து பார்த்திருக்க, எருமைமுழுங்கிக்குள் இறங்கினார். வாயைத் திறந்தார், சேறு புகுந்தது, மூடிக்கொண்டார். நடுக்குழியில் இடுப்புவரை போனதும் ஓடாத இன்ஜினின் பேட்டரி தீர்ந்து உருளை நின்றது.

மொக்கச்சாமிக்கு மனசே உடைந்துவிட்டது. பட்டன் பெட்டியைக் கீழே போட்டார்.

"சம்பந்தி, அசைய மாட்டேன்னு ஊரு அறியச் சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. ஒரு பட்டனை அமுக்குறதுக்குள்ள பேச்சு மாறிட்டாரே! வாக்கு சுத்தம் இல்லாத எடத்துல எம் பொண்ணை எப்படிக் குடுப்பேன்? இந்தச் சம்பந்தம் வேணாங்க." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "எங்க மச்சான் அப்படிப்பட்டவரு இல்லைங்க! சொன்னாச் சொன்னதுதான். இன்னைக்கு என்னமோ கிரகம் சரியில்ல. வேணும்னா நீங்களே அசைச்சுப் பாருங்க!"

அசைத்துப் பார்த்தார்கள். சன்னாசியும் வீருசின்னுவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். மாப்பிள்ளை இழுத்தான், அவன் அப்பா இழுத்தார், பழத்தட்டை வைத்துவிட்டு நாலு பெண்களும் இழுத்தார்கள். கடைசியாக மொக்கச்சாமியும் நம்பிக்கையில்லாமல் தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். உக்கிரபாண்டி ஓர் இஞ்சு அசையவில்லை. அவர் ஏதோ பலமாகச் சொன்னார், ஆனால் வாயில் இருந்த சேற்றில் ஒன்றும் விளங்கவில்லை.

மொக்கச்சாமியின் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிற்று. சம்பந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சம்பந்தி, அவசரப்பட்டுட்டேன். வாக்குன்னா இதுல்ல வாக்கு! இப்படி ஒரு எடம் எம் பொண்ணுக்கு ஏழு மலை தேடுனாலும் கெடைக்குமா?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் பக்கம் திரும்பினார்.

"டேய் சன்னாசி, ஓடிப்போயி ஊருல இருந்து வேற பேட்டரி கொண்டா. கொக்கி கழண்டுறாமப் பாத்துக்க. இப்ப மாமா நல்லா ஊனி நிக்கிறாரு. இந்தத் தடவை ஜீப்புதான் வரணும்."