எந்தத் தேதியிலிருந்து

எபநேசர் சாரிடம் அக்கவுண்ட்ஸ் படித்தவர்களில் வள்ளிமயில்தான் மூத்தவள். சாரைவிடவே பத்து வயது பெரியவள். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார்.

மூன்றாவது தடவையும் பரீட்சை போய்விட்டது. ரிசல்ட் வந்த மறுநாள், மற்றவர்கள் எழுந்து போன பிறகும் டயர் கடை மாடியில் இருந்த அந்த வகுப்பில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அதே கணக்குதானா அக்கா?"

"அதேதான் சார். சம்பளத்துல பிடிச்ச வரியை முதலாளி கவர்மெண்டுக்கு லேட்டா கட்டுறான். எத்தனை மாசத்துக்கு வட்டி கட்டணும்னு கேள்வி. நான் கெடு தேதியிலேருந்து எண்ணிட்டேன்."

"பிடிச்ச தேதியிலேருந்து எண்ணணும்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே போச்சு."

"கெடு வரைக்கும் அவன்மேல தப்பே இல்லையே சார்? மனசு அங்கேதான் போய் நிக்குது."

சார் கரும்பலகையை அழித்தார்.

"நான் கேக்க வந்தது வேற சார்" என்றாள்.

பாஸானால் மில் ஆபீசில் வேலை. வேலை கிடைத்தால் ஒரு வீடு பார்க்கலாம். வீடு பார்த்தால் மகளைக் கூட்டி வரலாம். முன்பல் விழுந்த வாயோடு தர்ஷினியைக் கரூரில் அண்ணன் வீட்டில் விட்டபோது, ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அந்த ரெண்டு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"இன்னும் ஒரு தடவை எழுதட்டுமா சார்? ஆறு மாசம்தானே லேட்டாகும். பிள்ளை பொறுத்துக்க மாட்டாளா?"

"போன்ல என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்றதில்ல. போன வாரம் பேசிக்கிட்டே இருக்கும்போது, 'அம்மா, அம்மா போன் பண்றாங்க'ன்னு அத்தையைக் கூப்பிட்டா. அப்புறம் அவளே, 'அத்தை'ன்னு திருத்திக்கிட்டா."

சார் கை நீட்டினார். "உங்க கண்ணாடியைக் கொடுங்க."

கொடுத்தாள். மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். "அஞ்சு மணிக்குத் தர்றேன். அதுவரைக்கும் அந்தக் கணக்கை மறுபடி படிங்க."

"விளையாடாதீங்க சார். அது இல்லாட்டி எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும்."

"படிங்கக்கா."

கேள்வித்தாளை எட்டப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். ஒரு வரியும் நிற்கவில்லை. தாளை மடியில் போட்டுவிட்டு, வெளுத்துக் கிடந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"சார், அஞ்சாச்சு."

"ம்."

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் இழுப்பறையைத் திறந்தார்.

"எவ்வளவு லேட்டா தர்றேன் அக்கா?"

"பத்து நிமிஷம் இருக்கும் சார்."

"நீங்க கண்ணு தெரியாம உக்காந்திருந்தது பத்து நிமிஷம்தானா?"

"அது எப்படி? நீங்க வாங்கி வெச்சதிலேருந்து..."

பாதியில் நிறுத்தினாள்.

சார் கண்ணாடியை அவள் கையில் வைத்தார்.

"பாப்பாவுக்கு ஆறு மாசம்தான் லேட்டுன்னு சொன்னீங்களே அக்கா, எந்தத் தேதியிலேருந்து எண்ணினீங்க?"

வள்ளிமயில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை.