தவிட்டுக்கு வாங்கிய பெயர்

விடிந்தால் தீட்சை. ஐம்பத்தெட்டு வயதுக் குப்பாயி டீச்சருக்குத் தீட்சையைவிட, அதோடு கிடைக்கும் புதுப்பெயர்மேல்தான் ஆசை அதிகம்.

குரு அவளைவிடப் பத்து வயது இளையவள். மடத்துச் சமையற்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“சாமி, நல்ல பேரா ஒண்ணு குடுங்க. பெத்தவளே குப்பைன்னு வச்சா ஊர் சும்மா இருக்குமா?”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் சிரித்த பெயர் அது. ஏன் வைத்தாய் என்று அம்மாவிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் மட்டும் வளர்ந்தது. ஊர்ப்பக்கம் போய் ஆறு வருடமாகிறது. பார்வை போன அம்மாவைத் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள்.

“உங்களுக்கு முன்னால பொறந்தது எத்தனை பேரு?” என்று கேட்டாள் குரு.

“மூணு. ராசாத்தி, பவுனு, தங்கமணி. மூணும் தொட்டில்லயே போயிடுச்சு.”

“பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் குரு.

குரு முறத்தைக் கீழே வைத்தாள். தனக்கும் பெற்றவள் வைத்த பெயர் குப்பாயிதான் என்றாள். முந்தின பிள்ளைகள் தங்காததால், பிறந்தவளைக் குப்பைமேட்டில் கிடத்தினார்களாம். பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் அள்ளி வர, அம்மா ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாளாம். குப்பையில் கிடந்ததை எமன்கூடச் சீந்தமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

இந்தக் கதை தெரியாமலே குரு பதினெட்டு வயதில் மடத்துக்கு வந்துவிட்டாள். அன்றைய குரு அழகான பெயர் சூட்டினார். அடுத்த மாசியில் அம்மா தேடி வந்து, குப்பாயி இருக்கிறாளா என்று வாசலில் கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள்.

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க, சாமி?”

“உள்ளதான், பூத் தொடுத்துக்கிட்டு. குரல் கேட்டுச்சு. எல்லார் முன்னாலயும் அந்தப் பேருக்கு எந்திரிச்சுப் போக வெக்கமா இருந்துச்சு. எந்திரிக்கல.”

அம்மா மறுபடி வரவில்லை. இவள் ஊருக்குப் போனபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. தவிட்டுக் கதையைப் பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்குத்தான் சொன்னாள்.

டீச்சர் தரையில் சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

“அப்ப நாளைக்கு எனக்கு என்ன பேரு, சாமி?”

“தீட்சை எங்கயும் ஓடிடாது. சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்புங்க. உங்க அம்மா கண்ணு தெரியாதவங்க, வாசல்ல யாருன்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்றீங்களோ, அதையே வச்சுக்கலாம்.”