கடலுக்கு உத்தரவு போட்ட நண்டு

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே ஒரு குட்டித் தீவு இருந்தது. நடுவில் முள்ளும் பாறையுமாய் ஒரு மேடு, சுற்றிலும் வெள்ளை மணல். அந்த மணலில் வளை தோண்டி வாழ்ந்துவந்தது வளையப்பன் என்ற நண்டு. தானுண்டு தன் வளையுண்டு என்று கிடந்த நண்டுதான். அரசியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு ஒரு மாட்டுக் கொட்டகையின் கூரையும் மிதந்து வந்து தீவில் தட்டி நின்றது. கூரையின்மேல் கொம்பையா என்ற கிடா ஆடு, செவந்தி என்ற கோழி, மூக்கன் என்ற பெருச்சாளி, நடுநடுங்கிக்கொண்டு ஒரு முயல் கூட்டம். எல்லோரும் கடலுக்கு வெகுதூரத்தில் வாழ்ந்தவர்கள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. தண்ணீர் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: ஏறும், வீட்டை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஏறிய தண்ணீர் அன்றன்றைக்கே இறங்கும் என்று யார் சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

இறங்கிய கையோடு செவந்தி இரை தேடப் போனாள். பட்டினி வயிறு. முதலில் கண்ணில் பட்டது வளையப்பன். ஒரே மிதி. நண்டு மல்லாந்து கிடந்தது.

அதே நேரம் கடல் ஏறிக்கொண்டிருந்தது. "வெள்ளம் இங்கேயும் வந்துருச்சு!" என்று முயல்கள் அலறின. செவந்தியும் திரும்பிப் பார்த்தாள். அவள் காலடியில் கிடந்த வளையப்பனும் பார்த்தது. காய்ந்த கடற்பாசி கிடக்கும் இடம்வரை அலை வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் அதற்குமேல் வராது. அது வளையப்பனுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். உயிர் போகிற நேரத்தில் மூளை நன்றாக வேலை செய்யும் அல்லவா? செய்தது.

"காலை எடும்மா. கடலை நான் நிறுத்துறேன்."

"நீயா?"

"நான் சொன்னா கேட்கும்."

செவந்தி அரைமனதாகக் காலைத் தூக்கினாள். வளையப்பன் புரண்டு எழுந்து, தன் பெரிய கொடுக்கை உயர்த்தி, "போதும், நில்லு" என்றது. எப்படியும் நிற்கவிருந்த கடல் நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்வாங்கவும் ஆரம்பித்தது.

முயல்கள் தடாலென்று காலில் விழுந்தன. "மன்னிச்சிருங்கய்யா, யாருன்னு தெரியாம மிதிச்சிட்டேன்" என்றாள் செவந்தி.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கோழி வாயால் 'ஐயா' என்று கேட்கும் பாக்கியம் அதுவரை எந்த நண்டுக்கும் கிடைத்ததில்லை. அந்த ஒரு சொல் வளையப்பனின் ஓட்டுக்குள் புகுந்து குடியேறிவிட்டது.

மூக்கன் அதுவரை ஓர் ஊராட்சி அலுவலகத்தின் அடியில் வளை தோண்டிக் குடியிருந்தவன். நாட்டு நடப்பு தெரிந்தவன். "இப்படி ஒருத்தர் கைவசம் இருக்கும்போது நமக்கு வேற தலைவர் எதுக்கு?" என்று அவன் கிளப்பிவிட, தேர்தல் வந்தது. வால் தூக்கி வாக்களிப்பது என்று முடிவாயிற்று. கொம்பையாவும் போட்டியிட்டார். தன் வாலைத் தானே தூக்கிக்கொண்டதோடு சரி. மற்ற வால்கள் எல்லாம் வளையப்பனுக்கே எழுந்தன. வாலே இல்லாத ஒருவர் தீவின் தலைவர் ஆனார். இனி அவரை 'அது' என்று சொன்னால் மூக்கன் சண்டைக்கு வருவான், ஆகவே 'அவர்' என்றே சொல்வோம்.

தலைவர் வளையப்பனுக்கு வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. கடல் இறங்கப்போகும் நேரம் பார்த்துக் கரைக்குப் போவார், கொடுக்கை உயர்த்துவார், திரும்பி வருவார். தீவில் இருந்த மற்ற நண்டுகளுக்கு ரகசியம் தெரியும். அவர்கள் எல்லோரையும் கடல்துறையில் அதிகாரிகளாக நியமித்துவிட்டார். பேசியிருக்க வேண்டிய வாய்களில் எல்லாம் பதவி இருந்தது.

கொம்பையா மட்டும் ஒருநாள் கூட்டத்தில் எழுந்தார். "தலைவரே, நேத்து நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க. அப்பவும் கடல் இறங்குச்சே, எப்படி?"

வளையப்பனின் கண்கள் இரண்டும் குத்திட்டு நின்றன.

"அது நிரந்தர உத்தரவு" என்றார்.

"அப்ப மறுபடி ஏறுதே, அது யார் உத்தரவு?"

"அதுவும் ஒரு ஜீவன்தானே கொம்பையா. கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் வேலை வாங்கணும்."

முயல்கள் உருகிப்போயின. என்ன இரக்கம், என்ன ராஜதந்திரம்! அன்று சாயங்காலமே, கொம்பையா கடலின் கைக்கூலி என்று மூக்கன் தீவு முழுக்கச் சொல்லிவிட்டான். கடலிடம் எதை வாங்கிக்கொண்டு அவர் கைக்கூலி ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரை மேட்டுக்கு விரட்டினார்கள். அங்கே முள்ளைத் தின்றுகொண்டு தனியாக இருந்தார் பாவம்.

அடுத்த தேர்தல் வந்தது. முயல்களுக்கு மேட்டோரப் பாறை நிலத்தில் வளை தோண்டி நகம் தேய்ந்துவிட்டது. செவந்திக்கும் முட்டையிட மெத்தென்ற இடம் வேண்டும். எல்லோருக்கும் கரையோர மணல்மேல் ஆசை.

வளையப்பன் கடற்பாசி கிடக்கும் இடத்தில் கொடுக்கால் ஒரு நீளக் கோடு கிழித்தார். "இந்தக் கோட்டைக் கடல் தாண்டாது. இது என் வாக்கு. மணல் உங்களுக்கு."

கோட்டைக் கிழிக்கும்போதே அவருக்கு மனசுக்குள் உறுத்தியது. வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் கடல் இந்தக் கோட்டை மதிக்காது, மேட்டின் அடிவாரம்வரை வந்து போகும். ஆனால் வாடைக்கு இன்னும் நாள் இருந்தது. தேர்தலோ மறுநாள். வால்கள் முன்பைவிட உயரமாக எழுந்தன.

முயல்கள் மணலில் வளை தோண்டிக் குட்டி போட்டன. செவந்தி அடை காத்துக் குஞ்சு பொரித்தாள். குஞ்சுகள் வளையப்பனைக் 'கடல் மாமா' என்று கூப்பிட்டன. அவர் முதுகில் ஏறிக்கொண்டு பக்கவாட்டில் சவாரி போக அவற்றுக்குக் கொள்ளை ஆசை. வளையப்பனுக்கும் அப்படித்தான். பதவி வந்த பிறகு அவர் பொய் கலக்காமல் சந்தோஷப்பட்டது அந்தச் சவாரியில் மட்டும்தான்.

வாடை வந்தது. கடல்துறையில் பெரிய அதிகாரியாக இருந்த அவருடைய மச்சான் நண்டு ஒருநாள் வந்து நின்றது.

"அத்தான், வளையிலெல்லாம் தண்ணி ஊறுது. நாளைக்கு உச்சி வெயிலுக்குள்ள மேடுவரைக்கும் வந்துரும்."

"குஞ்சுகள் இருக்கே, மச்சான்."

"நமக்கென்ன? நாம தண்ணிக்குள்ளயும் இருப்போம், வெளியிலயும் இருப்போம்."

மச்சான் சொன்னது உண்மைதான். தீவிலேயே கடலுக்குப் பயப்படத் தேவையில்லாதவர்கள் தலைவரும் அவருடைய நண்டுகளும்தான். அந்த நினைப்பு அவருக்குக் கசந்தது. முதல்முறையாகத் தன்மேல் அவருக்கே வெட்கமாக இருந்தது.

காலையில் கூட்டத்தைக் கூட்டினார். சுற்றி வளைக்காமல் சொன்னார். பக்கவாட்டில் நடப்பவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

"என் பேச்சைக் கடல் கேட்காது. என்னைக்குமே கேட்டதில்லை. அன்னைக்கு உசுருக்குப் பயந்து பொய் சொன்னேன். இன்னைக்கு மத்தியானம் இந்தக் கோட்டைத் தாண்டிக் கடல் வரும். எல்லாரும் இப்பவே மேட்டுக்குப் போயிருங்க."

மூக்கன் மெல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பார்த்தீங்களா தலைவரோட தன்னடக்கத்தை? கடலையே அடக்குறவரு, தான் ஒண்ணுமே இல்லைங்கிறாரு."

"பெரியவங்க இப்படித்தான் தங்களைத் தாழ்த்திப் பேசுவாங்க" என்றது ஒரு கிழட்டு முயல்.

"மூக்கா, நான் பொய் சொன்னேன்யா. சத்தியமாச் சொன்னேன்."

"ஒத்துக்கிறாரு பாருங்க. எந்தத் தலைவர் ஒத்துக்குவாரு?"

செவந்தி முன்னால் வந்தாள். "ஐயா, நீங்க எங்களைச் சோதிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மேல நம்பிக்கை வச்சுத்தானே இந்தப் பிள்ளைகளை மணல்ல பொரிச்சேன்? இப்பப் போய் மேட்டுக்கு ஓடினா நான் மனுஷியா?" கோழி இப்படிக் கேட்டது கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மேட்டிலிருந்து கொம்பையா, "நான் அப்பவே சொன்னேன்" என்று கத்தினார். அதைக் கேட்டதும் மக்களின் உறுதி இரண்டு மடங்காயிற்று.

சூரியன் உச்சிக்கு வந்தது. கடல் கோட்டைத் தொட்டது, தாண்டியது. ஒருவரும் நகரவில்லை. கடற்பாசி மாலையோடு முன்வரிசையில் நின்றான் மூக்கன். செவந்தி தன் குஞ்சுகளை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள், தலைவர் கொடுக்கு உயர்த்துவதை அவை நன்றாகப் பார்க்கட்டும் என்று. அலை வந்து குஞ்சுகளின் காலை நனைத்தது. அவை சிரித்தன.

"மாமா, நில்லுன்னு சொல்லுங்க" என்றது இருப்பதிலேயே சின்னக் குஞ்சு.

வளையப்பன் அதைப் பார்த்தார். அடுத்த அலை அதன் கழுத்துவரை வரும். அதற்கடுத்த அலைக்கு அது இருக்காது.

அவர் நினைத்திருந்தால் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிப் போயிருக்கலாம். தலைவர் கடலோடு நேரில் பேசப் போயிருக்கிறார் என்று மூக்கனே மீதியைப் பார்த்துக்கொள்வான். சிலைகூட வைப்பான். நாலு எட்டில் தண்ணீர். பதவியும் போகாது, பேரும் போகாது.

"ஐயோ, செத்தேன்! கடல் என்னைக் கொல்ல வருது!"

தீவே அதிரும்படி அலறிக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, வளையப்பன் மேட்டைப் பார்த்து ஓடினார். மூக்கனின் வாலை மிதித்துக்கொண்டு, செவந்தியின் காலில் இடறிக்கொண்டு, விழுந்தடித்து ஓடினார். இத்தனை நாளில் அவர் சொன்ன எதையும்விட அந்த ஓட்டம் எல்லோருக்கும் சட்டென்று விளங்கியது. தலைவரே ஓடுகிறார்!

அப்புறம் அங்கே யார் நிற்பார்கள்? முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு பாய்ந்தன. செவந்தி குஞ்சுகளை விரட்டிக்கொண்டு பறந்தாள். சின்னக் குஞ்சு அவள் அலகில் தொங்கியது. அவர்கள் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கீழே மணல் இல்லை, வளைகள் இல்லை, கோடு இல்லை. வெறும் கடல்தான்.

ஒரு குட்டிகூடக் குறையவில்லை. ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை. வளையப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சின்னதும் இருந்தது. அவருக்கு அழுகை வந்தது.

நன்றி சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள்.

"தூ" என்றாள் செவந்தி. "பச்சைப் பிள்ளைகளைத் தண்ணியில விட்டுட்டு மொத ஆளா ஓடி வர்றியே, நீயெல்லாம் ஒரு தலைவனா?"

"எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றான் மூக்கன், வாலைத் தடவிக்கொண்டு. "ஓடுற ஆளுன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்."

தண்ணீரிலேயே வாழத் தெரிந்த நான் எதற்காக மேட்டுக்கு ஓடிவர வேண்டும் என்று வளையப்பன் கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறந்தது. செவந்தியின் இறக்கைக்குள்ளிருந்து சின்னக் குஞ்சு தலையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வளையப்பன் வாயை மூடிக்கொண்டது. பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு, தன்னந்தனியாக மேட்டைவிட்டு இறங்கியது.

அங்கேயே, அப்போதே, பதவி பறிக்கப்பட்டது. மேட்டை முன்பே கண்டறிந்த தீர்க்கதரிசி என்று கொம்பையாவை மூக்கன் முன்மொழிந்தான். மறுபேச்சு இல்லாமல் அவர் தலைவரானார். பொழுது சாய்ந்தது. வழக்கம்போலக் கடல் இறங்க ஆரம்பித்தது.

கொம்பையா கீழே பார்த்தார். மக்களைப் பார்த்தார். தாடியை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். அத்தனை நாளும் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான், மறக்கவேண்டாம்.

"நான் பதவிக்கு வந்ததும் கடல் பின்வாங்கிருச்சே, யாராவது கவனிச்சீங்களா?" என்றார்.

எழுந்த ஆரவாரம், ஈர மணலில் புது வளை தோண்டிக்கொண்டிருந்த வளையப்பனுக்கும் கேட்டது. அது ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, இன்னும் ஆழமாகத் தோண்டத் தொடங்கியது.

பொய் சொல்லித் தலைவனானவன் என்றாவது ஒருநாள் ஊரைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னால், அதை நம்ப அந்த ஊரில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.