ஆந்தை வீட்டு விருந்தாளிகள்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், மணிமலை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே தையல்நாயகி என்று ஒருத்தி இருந்தாள். பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவள் வேலை. காலிரண்டையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டினாள் என்றால் எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் சொக்கிப் போகும். அரண்மனைப் பிள்ளையானாலும் சரி, ஆட்டுக்காரர் பிள்ளையானாலும் சரி.

"நான் குளிப்பாட்டிவிட்ட பிள்ள தூங்காம இருந்ததில்ல" என்பாள். பெருமைக்காரிதான். ஆனால் சொன்னது அத்தனையும் நிஜம், அதனால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அவளுக்கு ஒரே மகன், முத்தையன். அவன் இப்போது ஆந்தையாக இருந்தான்.

அது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். ஊருக்கு வெளியே புளியமரத்தில் கண்மூடான் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். தன் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு மந்திரத்தை வாங்கிக்கொண்டவன். அவன் விழித்திருக்கும்வரைதான் மந்திரமும் விழித்திருக்கும். அதனால் வருஷக்கணக்காகக் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடந்தான். அப்படித் தனியாக முழித்துக் கிடப்பவனுக்குப் பொறுக்காத சத்தம் ஒன்று உண்டு. நாலு பிள்ளைகள் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, பெரியவர்கள் அதட்ட அதட்டச் சிரிக்கிற சத்தம்தான் அது. கேட்கக் கேட்க அவனுக்கு வயிறு எரிந்தது. கடைசியில் ஒரு மந்திரம் போட்டான். அடுத்த வீட்டில் படுக்கப் போய், ராத்திரியில் 'வீட்டுக்குப் போகணும்' என்று அழுகிற பிள்ளை ஆந்தையாகிவிடும்.

முத்தையன் கொல்லர் வீட்டு வேலப்பனோடு படுக்கப் போனான். விடிகிற நேரத்தில் ஆந்தையாகப் பறந்து வந்து அம்மாவின் அடுப்படி உத்தரத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அந்த ராஜ்யத்தில் பொழுது சாய்ந்தால் கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள். அத்தை வீட்டுக்கு விருந்து போன பிள்ளைகூட விளக்கு வைப்பதற்குள் ஓடி வந்துவிட வேண்டும். வீட்டில் ஆந்தை இருந்தால் ஆகாது, விரட்டிவிடு என்று தையல்நாயகிக்கு எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனிதப் பேச்சு திரும்ப வருவதற்கு அந்த ஆந்தைக்கு ஒரு வருஷம் பிடித்தது. வந்ததும் முதல் வேலையாக அது சொன்னது:

"அம்மா, நானா அழலம்மா. அன்னிக்கு எங்க பாயில புதுசா ஒரு பையன் படுத்திருந்தான். 'உங்கம்மா உன்னத் தேடுறா, உங்கம்மா உன்னத் தேடுறா'ன்னு காதுல ஓதிக்கிட்டே இருந்தான். அதான் அழுதுட்டேன். கண்ண ஒரு தடவகூட இமைக்கல. அவன்தாம்மா கண்மூடான்."

தையல்நாயகி கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

"சின்னப் பையனாவா வந்தான்?"

"ஆமாம்மா. என்ன மாதிரிதான்."

"நெசப் பையனா? பசி, தூக்கம், மூக்குச்சளி எல்லாம் உண்டா?"

"மூக்க உறிஞ்சிக்கிட்டேதாம்மா இருந்தான்."

"அப்ப சரி" என்றாள் தையல்நாயகி. "நான் குளிப்பாட்டிவிட்ட பிள்ள தூங்காம இருந்ததில்ல."

மறுநாளே ஊருக்குள் புறப்பட்டாள். முதலில் கொல்லர் வீடு. "அக்கா, முத்தையன் எங்க வீட்டுலதான் அப்படி ஆனான். உங்க முகத்த எப்படிப் பாக்கறதுன்னு ஒளிஞ்சுக்கிட்டுத் திரியறேன்" என்று அழுதாள் வேலப்பனின் அம்மா. "அழாத. நாளைக்கு ராத்திரி வேலப்பன எங்க வீட்டுக்கு அனுப்பு. நீ கட்டிப் பழசான சேலை ஒண்ணும் குடுத்துவிடு. துவைச்சுடாத" என்றாள் தையல்நாயகி.

அடுத்தது ஆட்டுக்காரர் வீடு. பொழுது சாய்ந்தால் உள்ளே போட்டுப் பூட்டுவதால் அங்கே சின்னக்கண்ணு என்ற சிறுமி தினமும் கதவைப் பிறாண்டி அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு சேலையை மடித்துக் கொடுத்தாள்.

மூன்றாவது அரண்மனை. செய்தி கேட்ட இளவரசி பூங்கோதை, அனுப்பினால்தான் சாப்பிடுவேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள். ராணி ஜரிகைப் பட்டு ஒன்றை எடுத்து வந்தாள். "பட்டு வேணாம் தாயி, ராத்திரி படுக்கையில கட்டுவீங்கள்ல, அந்தப் பருத்திச் சேலை போதும்" என்றாள் தையல்நாயகி. ராஜா வாளின் பிடியில் கை வைத்தபடி, "என் மகளுக்கு ஏதாவது ஆனால் உன் தலை தப்பாது" என்றார்.

"ஆவாது மகாராசா. காலையில வந்து கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, மூன்று தாய்மார்கள் நம்பி அனுப்புகிற பிள்ளைகள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளை அழுதாலும் போச்சு.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அண்டா நிறைய வெந்நீர் கொதித்தது. மூன்று பேர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. சிரிப்புச் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு புளியமரம்வரை போனது.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறத்தில் ஒரு பையன் வந்து நின்றான். மூக்கை உறிஞ்சினான். கண்ணை மட்டும் இமைக்கவில்லை.

"என்னையும் சேத்துக்குவீங்களா?"

"வாடா ராசா. தண்ணி ஆறிடும், சீக்கிரம் வா."

"குளியலெல்லாம் வேணாம்."

"எங்க வீட்டுல படுக்கணும்னா குளிக்கணும்" என்று சொல்லி, அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, உச்சந்தலையில் எண்ணெயை வைத்து ஒரு அரக்கு அரக்கினாள். ஏழு மலைக்கு அந்தப்புறம் மழையை நிறுத்தத் தெரிந்தவன், கண்ணில் சீயக்காய் பட்டதும் வீல் என்று கத்தினான். மற்ற மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு சொம்புதான், இன்னும் ரெண்டு சொம்புதான்" என்று சொல்லிச் சொல்லியே தையல்நாயகி அண்டாவைக் காலி செய்தாள்.

அப்புறம் சாம்பிராணிப் புகை. அப்புறம் ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும். கண்மூடான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மந்திரத்தில் வரவழைத்த விருந்தெல்லாம் சாப்பிட்டவன்தான். ஆனால் தட்டில் ஒருத்தி பிசைந்து வைத்ததைச் சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்றோ.

விளக்கைத் தணித்துப் பாயை விரித்தாள். மூன்று பிள்ளைகளும் அவரவர் அம்மா சேலையைப் போர்த்திக்கொண்டார்கள். கண்மூடான் நடுவில் படுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

இளவரசியின் காதில் ஓதினான்: "உங்கம்மா உன்னத் தேடுறா."

பூங்கோதை சேலையை மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். "எங்கம்மா இங்கேயேதான் இருக்காங்க" என்று சொல்லிப் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள்.

வேலப்பனின் காதில் ஓதினான்: "உங்கம்மா உன்னத் தேடுறா."

"தேடட்டும். கெடச்சா பல்லு தேய்க்கச் சொல்லுவா" என்று தூக்கத்தில் உளறினான் வேலப்பன். சேலை முந்தானை அவன் கழுத்தைச் சுற்றியிருந்தது.

மூன்றாவதாகச் சின்னக்கண்ணுவின் காதில் ஓதினான்: "உங்கம்மா உன்னத் தேடுறா."

அவள்தான் எல்லோரிலும் சின்னவள். சேலை காலடியில் நழுவிக் கிடந்தது. கை துழாவியது, கிடைக்கவில்லை. உதடு பிதுங்கியது. "வீட்டுக்கு..." என்று வாயெடுத்தாள். உத்தரத்தில் ஆந்தை சிறகை அடித்துக்கொண்டது. தையல்நாயகி எட்டி அந்தச் சேலையை எடுத்து அவள் முகத்தோடு சேர்த்துப் போர்த்தினாள். சின்னக்கண்ணு ஒரு விம்மல் விம்மினாள். சேலை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பியபடி அடங்கிப் போனாள்.

கண்மூடான் எழுந்து உட்கார்ந்தான். மூன்றும் தப்பிவிட்டன. குளித்த உடம்பு, நிறைந்த வயிறு, பின்பனிக் குளிர். அவனுக்கு உடம்பு வெடவெடத்தது.

"உன் சேலை எங்கடா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"எனக்குக் கிடையாது" என்றான். அந்த ராத்திரி அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அந்த வீட்டில் இன்னொரு பழைய சேலை இருந்தது. முத்தையன் போர்த்துகிற சேலை. ஒரு வருஷமாக அதை அவள் துவைக்கவில்லை. அவன் வாசனை அதில்தான் மிச்சமிருந்தது. தினமும் அதில் முகத்தைப் புதைத்த பிறகுதான் படுப்பாள். அதை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பாவிக்கா, என் பிள்ளையை ஆந்தையாக்கியவனுக்கா என்று நெஞ்சு கொதித்தது. கொதிக்கத்தானே செய்யும்?

"குடும்மா" என்றது உத்தரத்திலிருந்து ஆந்தை. "அவனுக்குக் குளிருது."

தையல்நாயகி கால்களை நீட்டி உட்கார்ந்தாள். அந்தப் பையனை இழுத்து மடியில் சாய்த்து, சேலையால் இறுக்கிப் போர்த்தினாள்.

"நான் தூங்கக் கூடாது" என்றான் அவன்.

"யாரு உன்னத் தூங்கச் சொன்னா? தூங்க வேணாம். கண்ண மட்டும் சும்மா மூடிக்கிட்டுக் கிட."

உலகத்து மந்திரத்தையெல்லாம் படித்தவன், அம்மாக்கள் சொல்கிற அந்தப் பொய்யை மட்டும் கேட்டதேயில்லை. பாவம், நம்பிவிட்டான். கண்ணை மட்டும் மூடினான். அவள் முதுகில் தட்டினாள். அவன் ஒரு கொட்டாவி விட்டான். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த கொட்டாவி, வீட்டு விளக்கே அணைந்துவிட்டது. அப்புறம் குறட்டை.

இருட்டில் தொப்பென்று ஒரு சத்தம். உத்தரத்திலிருந்து விழுந்தவன் இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்தான். சிறகில்லை, அலகில்லை. இரண்டு கை, இரண்டு கால், எண்ணெய் காணாத பரட்டைத் தலை. தையல்நாயகி அவனை இழுத்து அணைத்து, சத்தம் வராமல் அழுதாள். சத்தம் வந்தால் மடியில் இருப்பவன் எழுந்துவிடுவானே.

"அம்மா, என் சேலை எங்கே?" என்றான் முத்தையன்.

அவள் மடியைக் காட்டினாள். முத்தையன் கொஞ்ச நேரம் நின்று அந்தத் தூங்குமூஞ்சியையே பார்த்தான். பிறகு சேலையின் மறுமுனையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். நீளமான சேலை. இரண்டு பேருக்கும் எட்டியது.

விடிந்ததும் ராஜா உருவிய வாளோடு வந்தார். கூடவே ஊரும் வந்தது. "எங்கே அந்தக் கண்மூடான்?" என்று கர்ஜித்தார்.

"மெதுவாப் பேசுங்க மகாராசா" என்று வாயில் விரல் வைத்தாள் தையல்நாயகி. "பிள்ளைங்க தூங்குது."

ராஜா பாயைப் பார்த்தார். சேலைகளுக்கு நடுவே ஐந்து தலைகள். எது மந்திரவாதி, எது மகன் என்று அவருக்குத் தெரியவில்லை. வாளைச் சத்தமில்லாமல் உறையில் போட்டார். "என்ன வேண்டுமோ கேள்" என்று கிசுகிசுத்தார்.

"ராத்திரியில இனிமே தாழ்ப்பாள் போட வேணாம்னு ஊருக்குச் சொல்லுங்க. அப்புறம் எனக்குப் பெரிய பாயா ஒண்ணு. இது பத்தாது."

இரண்டும் கிடைத்தன. மந்திரம் போன கண்மூடான் கடைசிவரை பையனாகவே நின்றுவிட்டான். மூன்று நாள் தூங்கினான். நாலாம் நாள் எழுந்து, கண்ணை இமைத்து இமைத்துச் சுற்றிலும் பார்த்தான். "வீட்டுக்குப் போகணும்" என்று சொல்ல அவனுக்கு ஒரு வீடு இல்லை. உதடு பிதுங்கியது.

"எழுந்திட்டியா?" என்றாள் தையல்நாயகி அடுப்படியிலிருந்து. "சேலையை மடிச்சு வச்சிட்டு சாப்பிட வா. ராத்திரிக்கு வேணும்ல."

அவன் சேலையை மடித்து வைத்தான். அங்கே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இங்கே நீங்களும் கண்ணை மட்டும் சும்மா மூடிக்கொண்டு கிடங்கள்.