கோட்கூட்டை வாங்கிட்டாங்களாம்!

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டுப் பேக்கரி ஒன்றின் மாடியில் நாலு பேர் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நல்லவர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அவர்களுக்கு வந்த துன்பமெல்லாம் அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

மூத்தவர் பொங்கியண்ணன். அடுத்து நாச்சிமுத்து, இளம்பரிதி. கடைசியாக தேவசேனா. நாலு பேரிலும் அறிவாளி என்று பெயர் வாங்கியவள் அவள்தான். பெயர் கொடுத்தது மற்ற மூன்று பேர்.

கல்யாண மண்டபங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் அவர்களுடையது. வாசலில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் ஓடுகிற மின்சாரப் பலகைகூட அதில்தான் ஓடும். எழுதிய புரோகிராம் கோடு அத்தனையையும் கோட்கூடு என்ற இணையதளத்தில் போட்டுவைத்திருந்தார்கள். உலகத்தில் பாதி புரோகிராமர்கள் அங்கேதான் போட்டுவைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இளம்பரிதி போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றான்.

“பிரம்மாண்டா கம்பெனிக்காரன் கோட்கூட்டை வாங்கிட்டானாம்.”

“முழுசாவா?” என்றார் பொங்கியண்ணன்.

“முழுசா. ஊர் உலகத்துல புரோகிராம் எழுதறவங்க எல்லாம் ‘நான் கெளம்பறேன், நான் கெளம்பறேன்’னு போட்டுட்டு இருக்காங்க.”

நாச்சிமுத்து டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தான். “எங்க கெளம்பறாங்க?”

“அது போடலை.”

நாச்சிமுத்து பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

தேவசேனாவுக்கு வேறு கவலை. “ஒவ்வொரு கோடுக்குப் பக்கத்துலயும் எழுதினவங்க பேரு இருக்குமே. கோடை வாங்கினா பேரையும் வாங்கின மாதிரிதானுங்கண்ணா?”

பொங்கியண்ணன் யோசித்தார். “அப்ப என்னை இனி என்னன்னு கூப்பிடுவீங்க?”

அன்றைக்கு மதியம்வரை ஒருவரையொருவர் “ஏனுங்க” என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

முதலாளி ராசப்பன் தாராபுரத்தில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தார். தேவசேனா போன் போட்டாள். நாதஸ்வரத்துக்கு மேலே அவர் கத்தினார்: “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அம்மிணி! அத்தனை பயமா இருந்தா கோடை வெளிய எடுத்து, யாரும் தொடாத எடத்துல வெச்சுட்டு, பழசைத் தொடைச்சு உட்ருங்க!”

வெளியே எடுப்பது என்றால் பிரிண்டர் வழியாகத்தான் என்று உடனே முடிவாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. யாரும் தொடாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. இளம்பரிதி கண்டுபிடித்தான். மாடிப்படிக்குக் கீழே கரண்ட் மீட்டர் அறை. கதவில் மண்டை ஓடு வரைந்து, ‘தொடாதே’ என்றே எழுதியிருந்தது. கதவு சாத்தாமல் கிடந்ததால், தொடாமல் காலால் தள்ளி, காகிதக் கட்டை உள்ளே வைத்தார்கள்.

பிறகு கோட்கூட்டில் இருந்ததைத் துடைத்தார்கள். தங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்ததையும் துடைத்தார்கள். அதுவும் பழசுதானே. நாச்சிமுத்து ஒரு படி மேலே போய் ஈரத்துணியால் திரைகளையும் துடைத்தான். நாலு பேருக்கும் மனசு லேசாயிற்று.

நாலு மணிக்கு மங்கை மகால் கல்யாண மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டார். “ஏம்மா, வாசல் பலகை இருண்டு கெடக்குது. ஆறரைக்கு ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏற்கெனவே குத்தம் கண்டுபிடிக்கறதுக்குன்னே வந்திருக்காங்க. பேரு ஓடலேன்னா என்னைத் தொலைச்சுப்போடுவாங்க!”

தேவசேனாவுக்கு உடனே புரிந்தது. அந்தப் பலகை தினமும் நாலு மணிக்குக் கோட்கூட்டில் போய்ப் பார்த்து, இருப்பதை எடுத்துக்கொள்ளும். இன்றைக்கும் ஒழுங்காகப் போய்ப் பார்த்திருக்கிறது. ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை எடுத்துக்கொண்டது.

மறுபடி தாராபுரத்துக்குப் போன். தேவசேனா விஷயத்தைச் சொன்னாள். பந்தியில் யாரோ ரசம் கேட்பது காதில் விழுந்தது. ராசப்பன், “பேப்பரை ஒருத்தர் படிங்க, ஒருத்தர் டைப் அடிங்க. ஒரு எழுத்து உடப்படாது!” என்று வைத்துவிட்டார்.

கட்டை எடுக்கப் போனால் கதவில் ‘தொடாதே’ என்று இருக்கிறது.

“வெக்கறப்பவும் இருந்துச்சே?” என்றான் இளம்பரிதி.

“வெக்கறப்ப நாம கட்டைத்தான் தொட்டோம். இப்ப அந்தக் கட்டே உள்ள இருக்குது. உள்ள இருக்கறதைத்தான் தொடாதேங்குது” என்றார் பொங்கியண்ணன்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தேவசேனாதான் வழி சொன்னாள். “கண்ணை மூடிட்டுப் போனா போர்டு தெரியாது. தெரியலேன்னா நமக்குச் சொன்ன மாதிரியே ஆகாது.” நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு போய், இரண்டு தடவை சுவரில் முட்டி, மூன்றாவது தடவையில் கட்டோடு வந்தான்.

பலகைக்கு உண்டானது ஒன்பது பக்கம். பொங்கியண்ணன் கணீரென்று படித்தார். இளம்பரிதி அடித்தான். “பொண்ணு பேரு, செமிகோலன், மாப்பிள்ளை பேரு...” என்று போய்க்கொண்டிருந்தபோது கீழேயிருந்து பேக்கரிக்காரர் குரல் கொடுத்தார்: “பப்ஸ் சூடா!”

“நாலு!” என்றார் பொங்கியண்ணன், அதே குரலில்.

தேவசேனா திரையை எட்டிப் பார்த்தாள். “பப்ஸையும் அடிச்சிருக்கீங்களே?”

“ஒரு எழுத்து உடப்படாதுன்னாரே” என்றான் இளம்பரிதி.

சரிதான் என்று அவளுக்கும் பட்டது. ‘பப்ஸ்’ என்பதா ‘பஃப்ஸ்’ என்பதா என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அடித்ததைக் கோட்கூட்டில் போட்டு, மேனேஜரிடம் சொல்லிப் பலகையை மறுபடி எடுக்கவைத்தார்கள். அது எப்படி ஓடியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடியது. ஆறரைக்கு மங்கை மகால் வாசலில் சிவப்பும் பச்சையுமாகப் பெரிய எழுத்து வந்தது:

மணமகள் நிவேதிதா செமிகோலன். மணமகன் பப்ஸ் சூடா நாலு.

மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “செமிகோலனா? பொண்ணு வீட்டுக்காரங்க கேரளாப் பக்கம்னு சொல்லவே இல்லையே!”

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் பையன் பேரு பப்ஸா?”

“அதுவும் நாலு பேராமா?” என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

பலகை ஓடுகிறதா என்று பார்க்க வந்து கும்பலுக்குப் பின்னால் நின்ற தேவசேனாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணம் தன்னால் கெடப்போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. பந்திக்கூடத்துக்கு ஓடி, தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ‘நிவேதிதா - கவியரசு’ என்று மார்க்கர் பேனாவால் எழுதித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, பலகைக்கு முன்னால் போய் நின்றாள். பத்துமணிவரை கையை இறக்கவில்லை.

பொண்ணும் மாப்பிள்ளையும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவும் அடங்கிவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் பப்ஸ் எங்கே என்று கேட்டதால் மேனேஜர்தான் பேக்கரிக்கு ஆள் விட்டு முந்நூறு பப்ஸ் வாங்கும்படி ஆயிற்று.

வியாழக்கிழமை ராசப்பன் வந்தார். கோட்கூட்டில் அழித்ததை ஒரு மாதம் எடுத்து வைத்திருப்பார்களாம். ஒரே ஒரு பட்டனைத் தட்டினார், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இருந்தாலும் அவருக்கு வெறுத்துப்போயிருந்தது.

“வேற எடத்துக்கே மாறிக்கலாம். புது சைட்டுல அவங்கவங்க பேரைப் பதிங்க. அது என்ன கேக்குதோ அதைச் சரியாக் குடுங்க. எனக்குப் போன் மட்டும் பண்ணாதீங்க.”

புது சைட் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதி செய்யவும்.’

நாலு பேரும் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, இரண்டு போட்டோவோடு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனார்கள்.

வி.ஏ.ஓ. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை, வேறு வாரிசு இல்லை என்று எத்தனையோ இல்லைகளுக்குச் சான்று கொடுத்தவர். விசாரித்து, மூன்று பேருக்கு ‘மேற்படி நபர் ரோபோ அல்ல’ என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். தேவசேனாவின் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

“உங்குளுக்கு ரேஷன் கார்டு அம்மாபேட்டைல இருக்குதுங்க. அங்கத்த வி.ஏ.ஓ.தான் விசாரிச்சுக் குடுக்கோணும். லீவுல இருக்காரு, திங்கக்கெழமை வருவாரு.”

“அதுவரைக்கும் நானுங்க?”

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். “அதுவரைக்கும் நான் எதுவும் சொல்றதுக்கில்லைங்க.”

வெளியே வந்து, வீட்டுக்குப் போக அம்மாபேட்டைக்கு டவுன் பஸ் ஏறினாள். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். தேவசேனா கை நீட்டவில்லை. அரசாங்கத்தை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

“அது பொம்பளைங்களுக்குங்கண்ணா. என் விசயம் திங்கக்கெழமைதான் தெரியும். இப்போதைக்கு எனக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் போடுங்க” என்றாள்.